நீலகிரிக் கப்பல்: ஒரு தபால் தலையும் ஒரு பழைய கடனும்

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில், இராயபுரத்திலிருந்து ஒரு முதியவர் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரப்பிள்ளைக்காகப் பழைய தபால் தலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அகப்பட்டதென்று சொல்லி, ஓரங்கள் மஞ்சளித்துப்போன ஒரு சிறு காகிதத் துண்டை நமது மேஜையின்மேல் வைத்தார். அது 1968-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 15-ஆம் தேதி, கடற்படைத் தினத்தை முன்னிட்டு இந்தியத் தபால் இலாகாவினர் வெளியிட்ட இருபது பைசாத் தபால் தலை. அதில் ஒரு போர்க்கப்பலின் உருவம் அச்சிடப்பட்டிருந்தது. "இது சிதம்பரம் பிள்ளை ஓட்டின கப்பல்தானே ஐயா? பேரன் கேட்டான், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சரிதானா என்று ஒரு வார்த்தை கேட்டுப் போகலாமென்று வந்தேன்" என்றார்.

நாம் சிரித்துவிட்டோம். தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் ஓடியது 1907-ல். இந்தத் தபால் தலையிலுள்ள கப்பல் நீரில் இறங்கியது 1968-ல். அது பிரயாணிகளையும் சரக்கையும் ஏற்றிய வர்த்தகக் கப்பல்; இது பீரங்கி தாங்கிய போர்க்கப்பல். இரண்டுக்கும் நடுவே அறுபது வருஷங்களும் ஒரு சுயராஜ்யமும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லி, "இது நீலகிரி என்னும் நம் கடற்படைக் கப்பல், பம்பாயில் கட்டியது" என்று முடித்தோம். பெரியவர் தலையசைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு அந்தக் கப்பலின் சரித்திரத்தைச் சற்று நிதானமாக ஆராய்ந்தோம். ஆராய ஆராய நமது சிரிப்பு அடங்கிற்று. பெரியவர் சொன்னது தவறுதான். ஆயினும் அந்தத் தவறுக்குள்ளே, நாம் சொன்ன சரியைவிடப் பெரியதோர் உண்மை ஒளிந்திருந்தது. அதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இன்று நமது நோக்கம்.

பிராமிசரி நோட்டு

முதலில் தேதிகளைக் கவனிப்போம். வழக்கறிஞர் தொழிலில் பழகியவர்களுக்குத் தேதிகளின்மேல்தான் முதற்கண் செல்லும். நீலகிரிக் கப்பலைப் பம்பாயில் மஸகான் கப்பல் கட்டும் துறையில் பிரதம மந்திரி ஸ்ரீமதி இந்திரா காந்தி நீரில் இறக்கியது 1968 அக்டோபர் 23-ஆம் தேதி. தபால் தலை வெளியானது ஏழு வாரங்களுக்குப் பின்னர். கப்பல் கடற்படையில் சேர்ந்ததோ 1972 ஜூன் மாதத்தில்!

கப்பல் தொழில் அறியாதவர்களுக்கு இதன் கருத்தை விளக்க வேண்டும். ஒரு கப்பலை நீரில் இறக்குவதென்பது, வீட்டுக்குச் சுவரெழுப்பி முடித்ததைப் போன்றது. உள்ளே யந்திரங்களைப் பொருத்த வேண்டும். குழாய்களை இணைக்க வேண்டும். மைல் கணக்கில் மின்சாரக் கம்பிகளை இழுக்க வேண்டும். பீரங்கிகளை ஏற்ற வேண்டும். பிறகு கடலுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதன் பின்னரே அது போர்க்கப்பல். ஆகவே 1968 டிசம்பரில் தேச முழுவதும் கடிதங்களின்மேல் ஒட்டப்பட்டுச் சென்ற அந்தப் படம், இருந்த கப்பலின் படமன்று. இருக்கப்போகும் கப்பலின் படம். அது ஒரு பிராமிசரி நோட்டு. இருபது பைசா மதிப்புள்ள அந்தக் காகிதத்தில், "இத்தகைய கப்பலை எம் கையாலேயே கட்டித் தருவோம்" என்று ஒரு தேசம் எழுதிக் கையெழுத்திட்டது.

எழுதிக்கொடுத்தது யார் என்பது தெளிவு. யாருக்கு எழுதிக்கொடுத்தது? இங்கேதான் இராயபுரத்துப் பெரியவருடைய கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

கடன் பிறந்த கதை

கப்பல் கட்டத் தெரியாத தேசமன்று இது. பம்பாய்த் துறையில் வாடியா குடும்பத்துப் பார்ஸித் தச்சர்கள் தேக்கு மரத்தால் கட்டிய கப்பல்களை ஆங்கிலேயக் கடற்படையினர் விரும்பி வாங்கினர். அவற்றுள் ஒன்றாகிய டிரிங்கோமலி 1817-ல் நீரில் இறங்கியது. இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் நகரத்தில் அது மிதந்துகொண்டிருக்கிறது. நீராவி யுகம் பிறந்தபோதும் அந்தத் தச்சர்கள் கை ஓயவில்லை. 1854-ல் அதே பம்பாயில் 'பஞ்சாப்' என்ற நீராவிப் போர்க்கப்பல் கட்டப்பெற்றது. இரு புறமும் சக்கரங்கள் சுழல ஓடிய பெரிய பிரிகேட் அது. பிற்காலத்தில் ஓர் ஆங்கில வர்த்தகர் அதை வாங்கி, யந்திரங்களைக் கழற்றியெறிந்துவிட்டுப் பாய்க்கப்பலாக்கி, 'ட்வீட்' என்று பெயரிட்டார். அதன் உடலமைப்பின் அழகில் மயங்கியே, உலகப் புகழ் பெற்ற 'கட்டி சார்க்' கப்பலை அவர் கட்டுவித்தார் என்பது கப்பல் சரித்திரம் அறிந்தவர் ஒப்புக்கொண்ட விஷயம்.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. உடல் நம்முடையது, உள்ளிருந்த நீராவி யந்திரம் சீமைச் சரக்கு. மரத்துக்குப் பதில் இரும்பும், பாய்க்குப் பதில் யந்திரமும் ஆட்சிக்கு வந்தபோது, தச்சனுடைய உளியால் மட்டும் கப்பல் கட்ட முடியாமற் போயிற்று. 1863-ல் அக்காலத்து இந்தியக் கடற்படை கலைக்கப்பட்டது. சர்க்கார் வேலை நின்றது. கற்ற கைகள் கலைந்தன. கடற்கரை நம்முடையது, கடல் பிறருடையது என்ற நிலை ஏற்பட்டது.

இந்த நிலையை எதிர்த்துத்தான் தூத்துக்குடி வக்கீல் ஸ்ரீ வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை ரிஜிஸ்தர் செய்தார். மூலதனம் பத்து லக்ஷம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதினாயிரம் பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். தொடக்கத்தில் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி ஓட்டினார்கள். எதிர்க் கம்பெனி நெருக்கவே, வாடகைக்குக் கொடுத்தவர்கள் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதன் பின்னரே சொந்தக் கப்பல் வேண்டுமென்று அலைந்து, 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே விட்டார்கள்.

எதிர்க் கம்பெனி எது? பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். அது பிரயாணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கிற்று. அது இனாமாகவே ஏற்றிச் செல்வதாகச் சொல்லி, குடையும் கொடுத்து ஆசை காட்டிற்று. இவற்றாலெல்லாம் சாயாத கம்பெனியைச் சாய்க்க, இறுதியில் ராஜத்துரோகச் சட்டம் துணைக்கு வந்தது. 1908 மார்ச்சு மாதத்தில் சிதம்பரம் பிள்ளை கைதானார். ஜூலை மாதத்தில் இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. அப்பீலில் தண்டனை குறைந்தது; ஆனால் கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த தோள்களின் வலி குறையவில்லை. 1911-ல் கம்பெனி கலைந்தது. 'காலியா' போட்டிக் கம்பெனியினிடமே விலைக்குப் போயிற்று. 1912 டிசம்பரில் விடுதலையான பிள்ளையவர்களுக்கு வக்கீல் சன்னதும் இல்லை, கப்பலும் இல்லை. சென்னைக்கு வந்து, நம் வடபகுதியிலுள்ள பெரம்பூரிலும் சில காலம் வறுமையில் வாழ்ந்தார்.

அவர் தோற்றதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே குறிக்கிறோம். அவரிடம் கப்பலிருந்தது, கப்பல் கட்டும் துறை இல்லை. வாங்கிய கப்பலை விற்றுவிடலாம். வாடகைக் கப்பலைப் பிடுங்கிவிடலாம். கட்டத் தெரிந்த கையை யாராலும் ஏலம் போட முடியாது. இந்தக் கைகளைத் தேசம் அவருக்குக் கொடுக்கவில்லை. இதுவே நாம் சொல்லும் கடன்.

கடற்படையில்லாத கடற்கரை

இந்தக் கடனின் வட்டியைத் தூத்துக்குடி மட்டும் கட்டவில்லை, சென்னையும் கட்டியது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, ஜெர்மானியக் கப்பலாகிய எம்டன் நமது துறைமுகத்தை நெருங்கி நின்று, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. எவ்விதச் சேதமுமின்றி அது இருளில் மறைந்தது. மறுநாள் முதல் ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். அந்தக் கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. கெட்டிக்காரத்தனம் மிகுந்த ஆளை இன்றைக்கும் 'எம்டன்' என்கிறோம்.

எரிந்தது ஆங்கிலேயருடைய எண்ணெய், சுட்டவன் ஜெர்மானியன், ஓடியது நம் ஜனங்கள். இரண்டு அந்நியர் சண்டையில் நம் கரைக்கிருந்த ஸ்தானம் குறிப்பலகையின் ஸ்தானமே. தன்னுடைய கடற்படை இல்லாத கடற்கரையின் கதி இதுதான்.

ஆங்கிலேயர் காலத்தின் இறுதியில் ராயல் இந்தியக் கடற்படை என்று ஒன்று இருந்தது. அதில் உழைத்தவர் இந்தியர், ஆண்டவர் ஆங்கிலேயர். உணவின் கேவலத்தையும் இனவெறி வசவுகளையும் பொறுக்கமாட்டாமல் 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி பம்பாயில் மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். எழுபதுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும் சுமார் இருபதினாயிரம் மாலுமிகளுக்கும் அது பரவிற்று. அடுத்த வருஷம் சுயராஜ்யம் வந்தது. ஆயினும் கடற்படையின் தலைமைப் பீடத்தில் 1958 ஏப்ரல் வரையில் ஆங்கிலேயரே இருந்தனர். அந்தப் பீடத்தில் அமர்ந்த முதல் இந்தியர், நமது செங்கற்பட்டில் பிறந்த வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. ஆளும் கை நம்முடையதாயிற்று. கட்டும் கை இன்னும் வரவேண்டியிருந்தது. சிறிய ரோந்துக் கப்பல்கள் கல்கத்தாவில் கட்டப்பட்டன. பெரிய போர்க்கப்பல்களோ ஒன்று விடாமல் வெளிநாட்டிலிருந்தே வந்தன.

கை மாறிய துறை

1960-ல் இந்திய சர்க்கார் மஸகான் துறையைத் தம் உடைமையாக்கினார்கள். அதற்கு முன் அந்தத் துறை யாருடையது? பல கைகள் மாறி, இறுதியாகப் பி. அண்டு ஓ. என்னும் ஆங்கிலக் கப்பல் கம்பெனியிடமும், அதனோடு 1914-ல் இணைந்துவிட்ட மற்றொரு கம்பெனியிடமும் இருந்தது. அந்த மற்றொரு கம்பெனியின் பெயர், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி!

இதைப் படித்த இடத்தில்தான் நமது சிரிப்பு நின்றது. சிதம்பரம் பிள்ளையின் கப்பலைக் கவிழ்த்த அதே கம்பெனியின் துறையில், அதே கம்பெனி தன் கப்பல்களைச் செப்பனிட்டுக்கொண்ட அதே மண்ணில், சுதந்திர இந்தியாவின் முதற்பெரும் போர்க்கப்பல் கட்டப்பெற்றது. போட்டிக் கம்பெனி 'காலியா'வை வாங்கிக்கொண்டது. தேசமோ அந்தக் கம்பெனியின் பட்டறையையே வாங்கிக்கொண்டது. பெரியவர் பேரனுக்குச் சொன்ன பதிலைக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனால் தர்மத்தின் கணக்கில் அது பொய்யாகாது.

சுதேசிதானா?

இனி ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். "நீலகிரியைச் சுதேசிக் கப்பலென்று எப்படிச் சொல்லலாம்? அதன் வரைபடம் ஆங்கிலேயருடைய லியாண்டர் வகை; ஆங்கிலக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி கட்டியது; யந்திரப் பாகங்கள் பல அங்கிருந்தே வந்தன" என்று சிலர் கூறலாம். இது நியாயமான ஆட்சேபமே. கண்ணை மூடிக்கொண்டு பெருமை பேசுவது தேசபக்தியாகாது.

கப்பலின் உள்ளே என்ன இருந்ததென்று பார்ப்போம். ஏறக்குறைய 113 மீட்டர் நீளம். முழுப் பாரத்துடன் சுமார் மூவாயிரம் டன் எடை. எண்ணெயை எரித்து, இரண்டு பாய்லர்களில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சதுர அங்குலத்துக்கு 550 ராத்தல் அழுத்தமுள்ள நீராவியை உண்டாக்கி, அதை டர்பைன் சக்கரங்களின் இதழ்களின்மேல் பாய்ச்சுவார்கள். அவை சுழலும் பெருவேகத்தைப் பற்சக்கரங்கள் குறைத்து இரண்டு தண்டுகளுக்குக் கொடுக்க, விசிறிகள் சுழன்று கப்பலைத் தள்ளும். வேலை முடிந்த நீராவியைக் கடல்நீர் குளிர்விக்க, அது மறுபடி தண்ணீராகிப் பாய்லருக்கே திரும்பும். முப்பதினாயிரம் குதிரைச் சக்தி. மணிக்கு இருபத்தெட்டுக் கடல் மைல் வேகம். இந்த நீராவி கண்ணுக்குத் தெரியாதது. குழாய் இணைப்பில் மயிரிழை அளவு வெடிப்பிருந்தாலும் அருகே நிற்பவன் உயிருக்கு அபாயம். ஆகவே இத்தகைய கப்பல் ஒன்றைக் கட்டுவதென்பது, நூற்றுக்கணக்கான வெல்டர்களும் பிட்டர்களும் பாய்லர்க்காரர்களும் பிழையின்றி ஒருமிக்க வேலை செய்யக் கற்பதேயாகும். வரைபடத்தை விலைக்கு வாங்கலாம். இந்தக் கைப்பழக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இதற்கு உதாரணம் தேடிப் பம்பாய் வரையில் போகவேண்டியதில்லை. நம் திருவொற்றியூரே போதும். 1955-ல் இங்கே ஆங்கிலேய என்பீல்டு கம்பெனியாரின் மோட்டார் சைக்கிளை, சீமையிலிருந்து வந்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் தொழிற்சாலையொன்று ஏற்பட்டது. சில வருஷங்களில் எல்லாப் பாகங்களும் இங்கேயே உற்பத்தியாயின. 1970-ல் சீமையில் தாய்க் கம்பெனியின் உற்பத்தி நின்றேவிட்டது. 1977-ல் திருவொற்றியூர் வண்டி அதே சீமைக்கு ஏற்றுமதியாயிற்று. சீடன் குருவின் வீட்டுக்கே சரக்கு அனுப்பினான். பூட்டிய வண்டி இரவல்தான். பூட்டிய கை இரவலன்று.

நீலகிரி விஷயத்திலும் இதுவே நடந்தது. அதன் பின்னே ஹிம்கிரி, உதயகிரி, துனாகிரி, தாராகிரி, விந்தியகிரி என்று ஐந்து தங்கைகள் 1981-க்குள் கடற்படையில் சேர்ந்தார்கள். முதற்கப்பலில் ஆங்கிலேயர் வரைந்ததை அப்படியே கட்டியவர்கள், கடைசி இரண்டில் பெரிய ஹெலிகாப்டரை ஏற்றும்படி பின்தளத்தையே மாற்றியமைத்தார்கள். அவ்வளவோடு நிற்கவில்லை. அதே முப்பதினாயிரம் குதிரைச் சக்தி நீராவி யந்திரத்தை வைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிய உடலை நம்மவர்களே வரைந்து, இரண்டு ஹெலிகாப்டர்களை ஏற்றும் 'கோதாவரி'யை 1983-ல் முடித்தார்கள். ஆங்கிலேயர் வரையாத கப்பல் அது.

ஆகவே நமது தீர்ப்பு இது: ஒரு பொருள் சுதேசியா அல்லவா என்பதை அதன் முதற்படத்தை யார் வரைந்தார் என்பதைக்கொண்டு மட்டும் முடிவு செய்யலாகாது. முதலாவதைக் கட்டிய கை, அடுத்ததை எவரையும் கேளாமல் கட்டிற்றா என்பதே சோதனை. அந்தச் சோதனையில் நீலகிரி தேறிற்று.

காத்திருக்காத யுத்தம்

ஆனால் கற்பதற்குக் காலம் வேண்டும். யுத்தமோ காலம் கொடுப்பதில்லை. தபால் தலையில் மிதந்த நீலகிரி மஸகானில் இன்னும் முற்றுப்பெறாமல் நின்றபோதே, 1971 டிசம்பரில் போர் மூண்டது. டிசம்பர் 9-ஆம் தேதி இரவு, சீமையில் கட்டிய நமது 'குக்ரி'யைப் பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பல் அரபிக் கடலில் மூழ்கடித்தது. காப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலைவிட்டு இறங்க மறுத்து அதனுடன் மூழ்கினார். அவரோடு மொத்தம் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர் நீத்தனர். நீலகிரி இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்று நாம் சொல்லவில்லை. அத்தகைய வாதம் வெறும் யூகம். கப்பல் கட்டக் கற்பதில் ஒரு தேசம் செய்யும் தாமதத்தை மாலுமிகளே சுமக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறோம்.

ஆறு மாதம் கழித்து, 1972 ஜூனில், நீலகிரி கடற்படையில் சேர்ந்தது. தபால் தலையில் எழுதிய நோட்டு மூன்றரை வருஷத்தில் தீர்ந்தது. அதே 1972-ல், செப்டம்பர் 5-ஆம் தேதி, நூற்றாண்டு விழாவை முன்னிட்டு மற்றொரு தபால் தலை வெளிவந்தது. அது ஸ்ரீ வ.உ. சிதம்பரம் பிள்ளையின் தபால் தலை. இரண்டையும் எவரும் திட்டமிட்டுச் சேர்த்ததாக நாம் நினைக்கவில்லை. ஆனால் கடன் தீர்ந்த வருஷத்திலேயே கடன் கொடுத்தவரின் முகமும் காகிதத்தில் ஏறியதை, இரண்டு தபால் தலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தமிழன் எவனும் கவனியாதிருக்க முடியாது.

மிச்சமுள்ள பாக்கி

நீலகிரி இருபத்துநான்கு வருஷம் உழைத்து 1996-ல் ஓய்வு பெற்றது. அடுத்த ஏப்ரலில், நமது கடற்படை விமானமொன்றின் ஏவுகணைப் பயிற்சிக்கு இலக்காக நின்று கடலுக்கடியிற் சென்றது. தங்கைகளில் கடைசியாக 2013-ல் தாராகிரி விடைபெற்றது. 2025 ஜனவரி 15-ஆம் தேதி, அதே மஸகான் கட்டிய புதிய கப்பலொன்று அதே நீலகிரிப் பெயரோடு பம்பாயில் கடற்படையில் சேர்ந்தது. 149 மீட்டர் நீளமுள்ள அதன் உடலை நம் கடற்படையின் வடிவமைப்பு நிலையத்தாரே வரைந்தனர். பாய்லர் இல்லை, நீராவி இல்லை. டீசல் யந்திரமும் காஸ் டர்பைனும் அதைச் செலுத்துகின்றன. ஆனால் அந்த டர்பைன் அமெரிக்கருடைய வடிவமைப்பு. அந்த டீசல் யந்திரம் ஜெர்மானியருடையது.

நேயர்கள் கவனிக்க வேண்டும். 1854-ல் 'பஞ்சாப்' கப்பலுக்கு உடல் நம்முடையது, இருதயம் சீமையினுடையது. இன்றைய நீலகிரிக்கும் உடல் நம்முடையது, இருதயம் இரவல். உடலின் பெருமையைப் பேசும்போது இருதயத்தின் பாக்கியை மறப்பது நாணயமான கணக்காகாது.

மற்றொரு பாக்கியும் உண்டு. கற்ற கையைக் காப்பது, கற்பதைவிடக் கடினம். 1990-களில் இதே மஸகான், ஜெர்மானியரிடம் கற்று இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டிற்று. 1994-ல் இரண்டாவது முடிந்ததும் வேலை நின்றது. அரும்பாடுபட்டுப் பழகிய வெல்டர்கள் கலைந்து போனார்கள். 2005-ல் பிரெஞ்சுக்காரருடன் புதிய ஒப்பந்தம் செய்தபோது, அரிச்சுவடியை மறுபடியும் எடுக்கவேண்டியதாயிற்று. 1863-ல் அந்நியர் நமக்குச் செய்ததை 1994-ல் நாமே நமக்குச் செய்துகொண்டோம்.

இதை நாம் பம்பாய்க்காகச் சொல்லவில்லை, எண்ணூருக்காகச் சொல்கிறோம். எம்டன் குண்டு விழுந்த இடத்திலிருந்து சில காத தூரம் வடக்கே, காட்டுப்பள்ளிக் கடற்கரையில் இன்று கப்பல் கட்டும் துறை ஒன்று இயங்குகிறது. கடற்படைக்காக 185 மீட்டர் நீளமுள்ள மிதக்கும் பழுதுபார்க்கும் துறையை அங்கே கட்டி 2017-ல் நீரில் இறக்கினார்கள். எண்ணாயிரம் டன் எடையுள்ள கப்பலைத் தூக்கி நிறுத்த வல்லது அது. கல்கத்தாத் துறையினருடன் கூடி அங்கே கட்டிய 'அர்னாலா' என்னும் நீர்மூழ்கி வேட்டைக் கப்பல் 2025 ஜூனில் விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. 1914-ல் குண்டுகளை வாங்கிக்கொண்ட கரை, இன்று கப்பல்களைக் கொடுக்கிறது. இது சாமான்யமான மாறுதலன்று.

ஆகவே நாம் கேட்பவை இரண்டே. முதலாவது, இந்தக் கரையில் வெல்டிங் கற்றுத் தேர்ந்த இளைஞன், ஒரு கப்பல் முடிந்ததும் வேலையற்றவனாகக் கலைந்து போகலாகாது. அடுத்த கப்பலின் வேலை முதற்கப்பல் முடியுமுன்பே அவனுக்காகக் காத்திருக்க வேண்டும். துறை கட்டுவோரும் சர்க்காரும் இதைத் தேசப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். இரண்டாவது, கப்பல் காக்கவேண்டிய கரையைத் தொழில் அழிக்கலாகாது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அதை வாளி வாளியாக மொண்டெடுத்தவர்களுள் நம் மீனவர்களும் இருந்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து அவர்கள் வலைகளைக் கறுப்பாக்கிற்று. கட்டுமரத்தில் கடலை முதலில் அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் பிழைக்க முடியாத கரைக்குப் போர்க்கப்பல் காவல் நிற்பதில் என்ன பயன்?

தபால் தலையில் கப்பலின் உருவம் இருக்கிறது. அதைக் கட்டியவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. அவ்வளவு சிறிய காகிதத்தில் இடமிருக்காதுதான். ஆனால் தேசத்தின் நினைவு அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டியதில்லை.

நேற்று அந்தத் தபால் தலையை ஓர் உறையிலிட்டு இராயபுரத்துக்குத் திருப்பியனுப்பினோம். உள்ளே ஒரு சிறு கடிதமும் வைத்தோம். "ஐயா, தாங்கள் பேரனிடம் சொன்னதைத் திருத்த வேண்டாம். இது சிதம்பரம் பிள்ளை ஓட்டிய கப்பலன்று. அவருக்கு நாம் கொடுக்கவேண்டியிருந்த கப்பல். தாங்கள் பாய்லரில் கற்ற தொழிலே இதன் உள்ளேயும் எரிந்தது. அதையும் அவனிடம் சொல்லுங்கள்" என்று எழுதினோம்.